ரெண்டு வட்டி

எங்கள் ஊர்ப் பக்கம் வட்டியை யாரும் சதவீதத்தில் சொல்வதில்லை. ஒரு வட்டி, ரெண்டு வட்டி, அஞ்சு வட்டி, பத்து வட்டி என்றுதான் பேச்சு. ரெண்டு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக் கணக்கில் 24 சதவீதம். அஞ்சு வட்டி 60, பத்து வட்டி 120. அதற்கு மேலே போனால் எண்ணை விட்டுவிட்டுப் பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள்: தண்டல், கந்து, மீட்டர், ரன்.

ஒருவர் என்ன வட்டிக்குக் கடன் வாங்குகிறார் என்று தெரிந்தால் ஊரில் அவருடைய இடம் என்ன என்பதும் தெரிந்துவிடும். பட்டா உள்ளவருக்குச் சொசைட்டியில் பயிர்க்கடன் கிடைக்கும். நகை உள்ளவருக்கு அடகுக்கடை. நாலு பேருக்குத் தெரிந்தவருக்குக் கைமாற்று, அதற்கு வட்டியே கிடையாது. இந்த மூன்றும் இல்லாதவர் வீட்டு வாசலுக்குத்தான் சாயங்காலம் தண்டல்காரர் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து நிற்பார். அதாவது கடனின் விலையைத் தீர்மானிப்பவை மூன்று: நிலம், நகை, அறிமுகம். நிலம் பெரும்பாலும் ஆண் பெயரில் இருந்தது. நகை பெண்ணின் கழுத்தில் இருந்தாலும் எப்போது அடகுக்குப் போகும் என்பதை முடிவுசெய்வது வீடு. பெண்களுக்கென்று மிச்சம் இருந்தது அறிமுகம் ஒன்றுதான். அந்த அறிமுகத்துக்கு வங்கி எப்போது, எப்படி ஒரு மதிப்புக் கொடுத்தது, பிறகு அந்த மதிப்பு யார் கைக்குப் போனது என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது.

இதற்குப் பழைய சேலம் ஜில்லாவைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1965-ல் அதிலிருந்து தர்மபுரி பிரிந்தது, 1997-ல் நாமக்கல் பிரிந்தது, 2004-ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. மேட்டுநிலமும் கிணற்றுப் பாசனமுமான ஊர்கள். குச்சிக்கிழங்கு, நிலக்கடலை, ஆடு, தறி. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு என்ற ஏற்பாடு முதலில் வேர்விட்டது இந்த மண்ணில்தான்.

பட்டா கேட்ட சங்கம்

அறிமுகத்தை ஈடாக வைத்துக் கடன் கொடுக்கலாம் என்ற யோசனை சென்னை ராஜதானிக்குப் புதிதல்ல. ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி, விவசாயிகளுக்கு வங்கி அமைக்க முடியுமா என்று ஆராய்ந்து 1895-லும் 1897-லும் இரண்டு பெரிய தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். ஐரோப்பாவின் கடன் சங்கங்களையெல்லாம் அலசிவிட்டு அவர் போய் நின்றது ஜெர்மனியின் ரைஃபைசனிடம். 1864-ல் ஹெடஸ்டோர்ஃப் என்ற ஊரில் ரைஃபைசன் தொடங்கிய கடன் சங்கத்தின் தத்துவம் எளிமையானது. ஒரே ஊர்க்காரர்கள் ஒன்றுசேர்ந்து, ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பேற்க வேண்டும். யார் உழைப்பாளி, யார் குடிகாரர், யார் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார் என்பது பட்டணத்து வங்கிக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். அந்த அறிவையே முதலாக மாற்றுவதுதான் அவர் வழி. நம்மூரில் ஒரு ரைஃபைசனைத் தேடவேண்டும் என்பதே நிக்கல்சன் வந்துசேர்ந்த முடிவு. 1904-ல் வந்த கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின் கிராமச் சங்கங்களில் இந்த வரம்பற்ற கூட்டுப் பொறுப்பு இருந்தது.

நடைமுறையில் சங்கம் வேறு பக்கம் போனது. பயிர்க்கடன் என்றால் பயிர் வேண்டும், பயிர் என்றால் நிலம் வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல் இல்லாமல் சொசைட்டிப் படி ஏற முடியாது என்றானது. நாற்று நட்டதும் களை எடுத்ததும் கடலை பிடுங்கியதும் பெண்கள். பட்டாவில் பெயர் இருந்தவர் ஆண். அண்டை வீட்டு நம்பிக்கையில் தொடங்கிய அமைப்பு ஊரின் பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

வங்கிகளின் கதையும் இதேதான். சேலத்துக்கென்று 1925-ல் தொடங்கிய சேலம் பேங்க் ஒன்று இருந்தது. 1960-களில் அதை இந்தியன் வங்கி எடுத்துக்கொண்டது. 1969-ல் பெரிய வங்கிகள் அரசுடைமை ஆயின. கிளைகள் கிராமத்துக்கு வந்தன. ஆனால் மேலாளர் மேசைக்கு முன்னால் பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்து கடன் கேட்கும் காட்சி எண்பதுகளிலும் எங்கள் பக்கம் அபூர்வம்.

சிறுவாடு, சீட்டு, வாரம்

பெண்களிடம் கடன் வழக்கமே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. வங்கிக்குத் தெரியாத ஒரு முழுப் பணவுலகம் அவர்களிடம் இருந்தது.

முதலில் சிறுவாடு. மோர் விற்றது, முட்டை விற்றது, கடலைக்காட்டில் பொறுக்கியது எல்லாம் அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் சேரும். வீட்டு ஆண்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்கள். அடுத்தது ஆடு. கையில் கொஞ்சம் காசு உள்ளவள் ஒரு குட்டி வாங்கி, மேய்க்க ஆள் உள்ளவளிடம் வாரத்துக்கு விடுவாள். ஈன்றதில் ஆளுக்குப் பாதி. ஒருத்தியின் பணமும் இன்னொருத்தியின் உழைப்பும் எழுத்து இல்லாமலே பங்கு போட்டுக்கொள்ளும் கூட்டு வியாபாரம் இது. கடைசியாகச் சீட்டு. இருபது பேர் மாதம் ஆளுக்கு நூறு போட்டால் ரெண்டாயிரம் சேரும். ஏலச்சீட்டில் அவசரக்காரர் தள்ளி எடுப்பார், தள்ளிய தொகை மற்றவர்களுக்குப் பங்காக வரும். குலுக்குச் சீட்டில் பெயர் விழுந்தவருக்கு. பாத்திரச் சீட்டு, தீபாவளிச் சீட்டு என்று இதற்குப் பல கிளைகள்.

மொய்யும் ஒரு கடன் வலைதான். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் எழுதிய தொகை திரும்பி வந்தாகவேண்டும். ஆனால் மொய் நோட்டில் எழுதப்படுவது வீட்டு ஆணின் பெயர். உறவைப் பேணுபவள் பெண், கணக்கில் நிற்பது ஆண்.

இவற்றுக்கெல்லாம் ஒரு வரம்பு உண்டு. சீட்டு, உள்ளே இருக்கும் பணத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கொடுக்கும், வெளியிலிருந்து ஒரு ரூபாயும் உள்ளே வராது. மழை பொய்த்தால் இருபது பேருக்கும் ஒன்றாகத்தான் கஷ்டம் வரும். சீட்டு பிடிப்பவர் ஓடிப்போனால் கேட்க நாதி இல்லை. ஆக, பெண்களின் அறிமுக வலைக்கும் வங்கியின் பணத்துக்கும் நடுவில் ஒரு கதவு தேவைப்பட்டது.

1989

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் தொடங்கப்பட்டது. 1989 செப்டம்பரில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, அது தர்மபுரி மாவட்டத்தில் பெண்களைக் குழுக்களாகச் சேர்க்கத் தொடங்கியது. 1991–92-ல் திட்டம் சேலத்துக்கும் தென்னாற்காட்டுக்கும் வந்தது. அடுத்து மதுரை, ராமநாதபுரம். கடன் கொடுக்கும் வங்கியாக உடன் நின்றது இந்தியன் வங்கி. அன்றைய சேலம் மாவட்டத்துக்குள் இன்றைய நாமக்கல்லும் அடங்கும்.

அதே 1989-ல் இன்னொன்றும் நடந்தது. அந்த ஆண்டு மார்ச் 25 முதல், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆன பெண்களுக்கு அது பொருந்தவில்லை. எங்கள் அம்மா, பெரியம்மா, சித்தி தலைமுறையில் பலர் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களிலும் அண்ணன் தம்பி உறவு வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் அதிகம். நிலம் சட்டத்தில் வந்தது, கைக்கு வரவில்லை. ஆகவே நிலம் இல்லாமல் கடன் வாங்கும் வழிதான் அவர்களுக்கு உண்மையில் திறந்த வழி.

காலத்தின் இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கப்பட்டது சேலம் மாவட்டத்தில். பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், தொட்டிலில் போடுங்கள் என்று அரசே சொல்லவேண்டி இருந்த மாவட்டம் அது. பெண் என்றால் செலவு என்று கணக்குப் போட்ட அதே ஊர்களில்தான் பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, தங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்குத் தொடங்கினார்கள்.

குழுவின் வேலைமுறையை விவரமாகச் சொல்கிறேன். பின்னால் வரும் வேறுபாடு அதில்தான் இருக்கிறது. ஒரே தெருவில் பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் சேர்வார்கள். ஒருவர் ஊக்குநர், இருவர் பிரதிநிதிகள். ஆளுக்கு ஒரு சிறு தொகையைச் சேமிப்பாகப் போடுவார்கள். சேர்ந்த பணத்தைத் தங்களுக்குள்ளேயே கடனாகக் கொடுப்பார்கள். யாருக்கு, எதற்கு, எவ்வளவு, எத்தனை தவணை, என்ன வட்டி எல்லாம் கூட்டத்தில் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு மாதம் இப்படி நடந்தபின் வங்கி வந்து புத்தகங்களைப் பார்த்துத் தரம் போடும். அதன் பிறகே சுழல்நிதியும் வங்கிக் கடனும். கடன் குழுவின் பெயரில் வரும். உள்ளே பிரித்துக் கொடுப்பது குழுவின் பொறுப்பு.

இந்த வழி தமிழ்நாட்டில் மட்டும் உருவானதல்ல. கர்நாடகத்தில் மைராடா நிறுவனம் எண்பதுகளின் நடுவிலேயே இப்படிக் குழுக்களை வளர்த்திருந்தது. 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கி இத்தகைய குழுக்களுக்குக் கடன் கொடுக்கலாம் என்று வங்கிகளுக்குச் சொன்னது. 1992-ல் நபார்டு 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் சோதனை முயற்சியைத் தொடங்கியது. பதிவு செய்யப்படாத ஒரு பெண்கள் கூட்டத்துக்கு, ஈடு எதுவும் இல்லாமல், தேசிய வங்கி கடன் கொடுக்கலாம் என்பது அன்று சின்ன விஷயம் இல்லை. நிக்கல்சன் தேடச் சொன்ன ரைஃபைசன் கடைசியில் சேலைக் கட்டில் வந்து சேர்ந்தார் என்று எனக்குத் தோன்றும்.

அம்மா இருந்த குழுவின் தீர்மானப் புத்தகங்களில் இரண்டு எங்கள் வீட்டில் இருக்கின்றன. நீளமான கோடு போட்ட நோட்டு, பழுப்பு அட்டை. ஆரம்பப் பக்கங்களில் கையெழுத்து இடத்தில் பெருவிரல் ரேகைகள் இருக்கும். சில ஆண்டுகள் கழித்த பக்கங்களில் அதே பெயர்களுக்கு எதிரே கோணல் மாணலாக எழுத்து வந்துவிடும். கடன் வாங்கிய காரணங்கள் வரிசையாக: பிரசவச் செலவு, விதைக்கடலை, பள்ளிக்கூட ஃபீஸ், கறவை மாடு, நகை திருப்ப, ஓடு மாற்ற. ஒரு பக்கத்தில், ஒருவர் கேட்ட தொகையைக் கொடுப்பதில்லை என்று தீர்மானம். காரணம் எழுதப்படவில்லை. ஏன் என்று கேட்டேன். “அவ கேக்கல கண்ணு, அவ ஊட்டுக்காரரு கேக்கச் சொன்னாரு. சீட்டாட்டத்துக்கு. குடுத்தா அவதான கட்டோணும்” என்றார் அம்மா. அந்த ‘இல்லை’ அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது. கணவனிடம் அவளால் சொல்ல முடியாததை அவளுக்காகக் குழு சொல்லியது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒருவர் கடனைத் திருப்பிக் கட்டுவாரா என்று கணிக்கும் நிரல்களோடு கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்கிறேன். நூற்றுக்கணக்கான தகவல் நிரல்களை வைத்து அவை ஊகிக்க முயல்வதைப் பதினைந்து பெண்கள் பத்து நிமிடத்தில் முடித்திருக்கிறார்கள். அவர்களிடம் இருந்த தரவு அவ்வளவு நல்ல தரவு.

மராடியும் லோமேயும்

நம் குழுக்கள் சேலத்துக்கு வந்த அதே 1991-ல், நைஜர் நாட்டின் மராடி பகுதியில் கேர் என்ற தொண்டு நிறுவனம் பெண்கள் சேமிப்புக் குழுக்களைத் தொடங்கியது. உள்ளூர் ஹௌசா மொழியில் அதன் பெயர் மாத்தா மாசு துபாரா. அதுதான் பிறகு ஆப்பிரிக்கா முழுக்கக் கிராமச் சேமிப்புக் கடன் குழுக்களாகப் பரவியது. அடித்தளம் நமக்குத் தெரிந்ததே. நைஜீரியாவின் யோருபா மக்களிடம் எசுசு, கானாவில் சுசு, காமரூனில் நியாங்கி, தென்னாப்பிரிக்காவில் ஸ்டாக்வெல் என்று நம் சீட்டுக்கு அங்கே பல பெயர்கள். கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1962-லும் ஷெர்லி ஆர்டனர் 1964-லும் இந்தச் சுழல் சீட்டுகளைப் பற்றி எழுதிய கட்டுரைகள் மானுடவியலில் முக்கியமானவை.

ஆனால் மராடிக் குழு எடுத்த முடிவு வேறு. வங்கிக்குப் போகவில்லை. சேமித்ததைத் தங்களுக்குள் கடனாகக் கொடுத்து, காலம் முடிந்ததும் அசலையும் வட்டியையும் எல்லோரும் பங்கிட்டுக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். இந்த வகைக் குழுக்களின் பணப் பெட்டியில் மூன்று பூட்டுகள் இருக்கும், மூன்று சாவிகள் மூன்று பெண்களிடம். வெளிப்பணம் வராது. அதனால் வெளி ஆள் வாசலில் வந்து நிற்கவும் மாட்டார்.

மேற்கு ஆப்பிரிக்காவில் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது சந்தை. டோகோ நாட்டின் தலைநகரான லோமேயில், டச்சு மெழுகு அச்சுத் துணியை மொத்தமாக வாங்கி விற்ற பெண் வியாபாரிகள் நானா பென்ஸ் என்று அழைக்கப்பட்டார்கள். மெர்சிடிஸ் பென்ஸ் கார் வைத்திருந்ததால் வந்த பெயர். ஐரோப்பியக் கம்பெனிகள் அவர்களுக்குச் சரக்கைக் கடனாகக் கொடுத்தன, குறிப்பிட்ட டிசைன்களை விற்கும் தனி உரிமையையும் கொடுத்தன. எந்த நிறம் எந்த ஊரில் ஓடும் என்ற அறிவு அந்தப் பெண்களிடம்தான் இருந்தது. சரக்கும் சந்தையும் கையில் இருந்ததால் கடன் தேடி வந்தது. 1994 ஜனவரியில் அவர்கள் நாணயத்தின் மதிப்பு ஒரே நாளில் பாதியாக்கப்பட்டபோது அந்த வியாபாரம் பெரும் அடி வாங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சந்தை ஒருவரைத் தூக்கும், இறக்கவும் செய்யும்.

இதை நம் குச்சிக்கிழங்கில் வைத்துப் பார்க்கலாம். கானா, டோகோ, நைஜீரியாவில் அதே கிழங்கைத் துருவி, புளிக்க வைத்து, பிழிந்து, வறுத்து கரி என்ற மாவாக்கி விற்பது பெரும்பாலும் பெண்களின் தொழில். அது சிறியது, ஆனால் கிழங்கு வாங்குவதும் விலை பேசுவதும் அவர்களே. எங்கள் பக்கம் கிழங்கு லாரியில் ஏறி சேகோ ஃபேக்டரிக்குப் போகும். அங்கே தோல் உரிக்கப் பெண்கள் கூலிக்கு உட்கார்ந்திருப்பார்கள். மாவும் ஜவ்வரிசியும் 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் சங்கத்தின் வழியாக ஏலத்துக்குப் போகும். திப்பி மாட்டுத் தீவனமாகும். இந்தச் சங்கிலியில் விலை பேசும் எந்தக் கண்ணியிலும் தோல் உரித்தவள் இல்லை. அவளுக்குக் குழுக்கடன் கிடைத்தால் மாடு வாங்கலாம். ஃபேக்டரியின் கேட்டுக்கு உள்ளே முதலாளியாகப் போக அது போதாது.

அண்ணன் தம்பி ஃபைனான்ஸ்

ஏன் போதாது என்பதற்கு அதே சமவெளியின் ஆண்களைப் பார்க்க வேண்டும். நாமக்கல் லாரி, திருச்செங்கோட்டு ரிக் வண்டி, கோழிப்பண்ணை எல்லாம் கூட்டாளிகள் சேர்ந்து வளர்த்த தொழில்கள். மாமன், மச்சான், பங்காளி, ஒரே ஊர்க்காரர் என்று பத்துப் பேர் சேர்ந்து ஒரு ஃபைனான்ஸ் தொடங்குவார்கள். அது இன்னும் பத்துப் பேரின் லாரிக்குக் கடன் கொடுக்கும். இங்கேயும் ஈடு அறிமுகம்தான். ஷரத் சாரி திருப்பூரைப் பற்றி 2004-ல் எழுதிய ஆய்வு நூலுக்குச் சகோதர மூலதனம் என்ற பொருளில் தலைப்பு வைத்தார். எங்கள் மாவட்டத்துக்கும் அந்தச் சொல் அப்படியே பொருந்தும்.

முதல் லாரி வாங்கின கதையை யார் சொன்னாலும் அதில் மனைவியின் நகை அடகுக்குப் போகும் இடம் ஒன்று வரும். கூட்டாளிப் பத்திரத்தில் அவள் பெயர் வராது. ஆண்களின் வலை நிலத்தின் மேல் நின்றது. அதனால் அந்த அறிமுகம் லட்சங்களுக்கு ஈடானது. பெண்களின் வலைக்கு அடியில் நிலம் இல்லை. அதனால் அது சில ஆயிரங்களுக்கு மட்டும் ஈடானது. இதில் சாதிக்கும் பங்கு உண்டு. குழு தெருவாரியாக அமைந்தது, தெரு சாதிவாரியாக அமைந்திருந்தது. காட்டுக்காரர் தெருக் குழுவுக்கும் காலனிக் குழுவுக்கும் ஒரே வங்கி, ஒரே படிவம். திரட்டக்கூடிய சேமிப்பு மட்டும் ஒன்றல்ல.

வாடகைக்குப் போன நம்பிக்கை

1997–98-ல் மகளிர் திட்டம் மாநிலம் முழுக்க விரிந்தது. 1999-ல் மத்திய அரசின் சுயவேலைத் திட்டமும் குழுக்களின் வழியாக மானியம் கொடுக்கத் தொடங்கியது. ஊருக்கு ஊர் குழு. இந்த வளர்ச்சியைத் தனியார் நுண்கடன் நிறுவனங்களும் கவனித்தன. பெண்கள் திருப்பிக் கட்டுகிறார்கள், ஒருத்தி தவறினால் மற்றவர்கள் போட்டுக் கட்டுகிறார்கள் என்பது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அவர்கள் அமைத்த குழுவும் வெளியே பார்க்க அதே மாதிரி இருக்கும். தெருவில் பத்துப் பெண்கள், வட்டமாக உட்கார்ந்து, காலை ஏழு மணிக்குக் கூட்டம். உள்ளே இரண்டு விஷயங்களைக் கழற்றிவிட்டார்கள். ஒன்று சேமிப்பு, இன்னொன்று தீர்மானம். சேமித்துத் தரம் வாங்கவேண்டியதில்லை, ஆள் சேர்ந்தால் லோன். எவ்வளவு, எத்தனை தவணை என்பது கம்பெனியின் கையில். கூட்டுப் பொறுப்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அம்மா குழு சொன்ன அந்த ‘இல்லை’ என்ற சொல்லுக்கு இந்தக் கூட்டத்தில் இடம் கிடையாது.

வட்டியை எங்கள் ஊர் மொழியில் பார்த்தால் விஷயம் தெளிவாகும். குழுவின் உள்கடனுக்குப் பொதுவாக ரெண்டு வட்டி, அதாவது 24 சதவீதம். 2010-ல் ஆந்திரத்தில் நுண்கடன் நெருக்கடி வெடித்தபின் அமைக்கப்பட்ட மாலேகாம் குழு 24 சதவீத உச்சவரம்பைப் பரிந்துரைத்தது. 2011-ல் ரிசர்வ் வங்கி நிர்ணயித்தது 26 சதவீதம். ரெண்டு வட்டிக்குக் கொஞ்சம் மேலே. ஆக, கடன் வாங்கியவள் கட்டும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். குழுவில் அந்த வட்டி பொதுப் பணத்தில் சேரும், அடுத்தவளுக்குக் கடனாகும், அதில் கட்டியவளுக்கும் பங்கு உண்டு. நுண்கடனில் அது காலை கூட்டம் முடிந்ததும் பைக்கில் ஏறி ஊரைவிட்டுப் போய்விடும்.

பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிப் பகுதியில் இதன் விளைவை நேரே பார்க்கலாம். தறிக்கூலி வாரத்துக்கு வாரம் மாறும், நூல் விலை ஏறினால் தறி நிற்கும். 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தது, 2020-ல் ஊரடங்கு வந்தது. தவணை மட்டும் நிற்கவில்லை. ஒன்றை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மூன்றாவது. கடன் தகவல் நிறுவனத்தின் பதிவில் ‘தவணை தாண்டிய நாட்கள்: 0’ என்று இருக்கும். அந்தப் பூஜ்யத்துக்குப் பின்னால் தாலிக்கொடி போனதா, தண்டல் வாங்கினாளா, மகளின் படிப்பு நின்றதா என்பதற்குப் பதிவில் கட்டம் கிடையாது. 2025 ஜூலையில் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களிடமிருந்து தரகர்கள் சிறுநீரகம் வாங்கிய செய்தி வெளிவந்தது. அரசு விசாரித்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. கடன்தான் அங்கே தரகருக்கு வாசல் திறந்தது என்று செய்திகள் திரும்பத் திரும்பச் சொல்லின. நிலம், நகை, அறிமுகம் மூன்றும் தீர்ந்தபின் ஈடாக மிச்சமிருந்தது உடம்பு.

சட்டங்கள் வராமல் இல்லை. அநியாய வட்டிக்கு எதிராகத் தமிழ்நாடு 2003-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒரு குடும்பத்தின் மாதத் தவணைகள் அதன் வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி விதித்தது, கூடவே பழைய வட்டி உச்சவரம்பை எடுத்துவிட்டது. 2025-ல் கட்டாய வசூலுக்கு எதிராக மாநில சட்டமன்றம் இன்னொரு சட்டம் இயற்றியது. இவை வேண்டியவைதான். ஆனால் இவை எல்லாம் வசூலிப்பவரின் கையைக் கட்டும் சட்டங்கள். கடன் வாங்குபவளின் கையில் திரும்ப ஒன்றைக் கொடுப்பவை அல்ல.

ஷெட்டு யாருடையது

அம்மா குழு இன்னமும் நடக்கிறது. பாதிப் பேர் புதியவர்கள், மருமகள் தலைமுறை. குச்சிக்கிழங்கு அப்பளம் போடுவதற்கு ஒரு மெஷின் வாங்கலாம் என்று போன வருஷம் பேச்சு எழுந்தது. எங்கள் பக்கத்தில் அந்த அப்பளத்துக்கு நல்ல சந்தை உண்டு, இதுவரை கையால்தான் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். வங்கி சம்மதித்துவிட்டது. முப்பது ஆண்டுகளில் ஒரு தவணையும் தவறாத குழுவுக்குக் கடன் கொடுப்பதில் மேலாளருக்குத் தயக்கம் இல்லை. மெஷினை எங்கே வைப்பது என்பதில்தான் வந்து நின்றது.

ஷெட்டு வேண்டும். ஷெட்டுக்குக் கரண்ட் இணைப்பு வேண்டும். இணைப்புக்கு இடத்தின் உரிமையாளர் கையெழுத்து வேண்டும். பதினாறு பெண்களில் தன் பெயரில் நிலம் உள்ளவர்கள் இரண்டு பேர். ஒருவருடையது ஊருக்கு வெளியே கிணற்று மேட்டில், அங்கே பாதை இல்லை. இன்னொருவர் ஐம்பத்தைந்து வயது விதவை. கணவர் இறந்தபின் பட்டா அவர் பெயருக்கு மாறியது. மகன்கள் இரண்டு பேரும் வேண்டாம் என்றார்கள். அந்த மாதத்துத் தீர்மானப் புத்தகத்தில் இந்த விஷயம் “அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது” என்று இருக்கிறது. அதற்கு அடுத்த கூட்டத்திலும் அப்படியே.

மூன்றாவது கூட்டத்தில் அந்த அம்மா எழுந்து, ஷெட்டு தன் இடத்திலேயே வரட்டும், மாசம் வாடகை மட்டும் எழுதிக்கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். மகன்கள் கேட்டால் என்ன சொல்வீங்க அக்கா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். “குழு தீர்மானம் போட்டிருச்சுன்னு சொல்லிக்கறேன்” என்றாராம். வாடகைத் தொகையை எழுதி, பதினாறு கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். ரேகை ஒன்றுகூட இல்லை.